நுரைப்பலகை வீடு கட்டுங்கள், ஆனால் கம்பி எங்கே உட்காருகிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் இப்போது யார் வீட்டில் ரினோவேஷன் என்றாலும் லோரியில் முதலில் வந்து இறங்குவது தெர்மோகோல் மாதிரியான வெள்ளை நுரைப்பலகைதான். அடுக்களையைப் பின்னால் நீட்டுகிறார்கள், கார் போர்ச்சுக்கு ஸ்லாப் போடுகிறார்கள், தோட்டத்து லயத்தை விட்டு வந்து நிலம் வாங்கியவர்கள் சிலர் முழு வீட்டையே நுரைப்பலகைச் சுவரில் எழுப்புகிறார்கள். நான் இதற்கு எதிரி இல்லை. கம்பி கட்டும் வேலையிலேயே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒழுங்காகச் செய்தால் நம் வெயிலுக்கும் நம் கைக்காசுக்கும் இதைவிட நல்ல முறை கிடைப்பது கஷ்டம். என் ஆதங்கம் வேறு. பலகை என்ன விலை, சிமெண்டு எத்தனை மூட்டை, டைல்ஸ் என்ன நிறம் என்று மணிக்கணக்கில் பேசுகிற நம் ஆட்கள், உள்ளே போகிற கம்பி எந்த இடத்தில் உட்காருகிறது என்று ஒரு நிமிடம் குனிந்து பார்ப்பதில்லை. கான்கிரீட் போட்டு மூடிவிட்டால் அப்புறம் பார்க்கவும் முடியாது. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், தயவு செய்து வெட்டாமல் போடுங்கள்.

முதலில் நடுவில் நுரையை வைப்பதால் என்ன லாபம் என்று கணக்காகவே சொல்லிவிடுகிறேன். 200 மி.மீ. கனத்தில் முழுக் கான்கிரீட் ஸ்லாப் போட்டால் ஒரு சதுர மீட்டர் 480 கிலோ இருக்கும். அதே 200 மி.மீட்டரில் நடுவே 100 மி.மீ. நுரை, மேலே 50, கீழே 50 மி.மீ. கான்கிரீட் என்று போட்டால் எடை பாதி. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு பாதியாகிவிடுவதில்லை, விரிசல் விழாத நிலையில் கணக்குப் போட்டால் எட்டில் ஏழு பங்கு அப்படியே இருக்கிறது. ஏனென்றால் ஒரு ஸ்லாப் வளையும்போது மேல் விளிம்பு நசுங்குகிறது, கீழ் விளிம்பு இழுபடுகிறது, நடுவில் இருக்கும் கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை கிடையாது. அந்த வேலையில்லாத கான்கிரீட்டை எடுத்துவிட்டு நுரையை வைக்கிறோம், அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்கு மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒன்றாக வேலை செய்தால் மட்டுமே சரி. இரண்டு மரப்பலகையை ஒன்றின்மேல் ஒன்றாகச் சும்மா வைத்து நடுவில் ஏறி நின்றால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு தொய்யும், ஆணி அடித்து இறுக்கிவிட்டால் தொய்யாது, அதே கதைதான் இங்கேயும். இரண்டு அடுக்கையும் இறுக்கிப் பிடிக்கிற கம்பி நடுவில் இல்லையென்றால் மேலே சொன்ன ஸ்லாப்பின் விறைப்பு, முழு ஸ்லாப்போடு ஒப்பிட்டால் 32-இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். எட்டில் ஏழு எங்கே, 32-இல் ஒன்று எங்கே! அதே கான்கிரீட், அதே நுரை, ஏறக்குறைய அதே செலவு, வித்தியாசம் 28 மடங்கு. நுரை கொஞ்சம் பிடிக்காதா என்று கேட்பார்கள். கொஞ்சம் பிடிக்கும், ஆனால் அது மென்மையான பொருள், பாரம் நின்றுகொண்டே இருந்தால் நாள்பட நாள்பட இளகிக் கொடுக்கும், வீட்டை அதை நம்பி விடக்கூடாது.

தொழிற்சாலையில் செய்து வருகிற பலகையில் இதற்கு வழி செய்திருப்பார்கள். இரண்டு பக்கமும் 3 மி.மீ. கம்பியில் 50 மி.மீ. கட்டம் போட்ட வலை இருக்கும், ஒரு வலையிலிருந்து இன்னொரு வலைக்கு நுரையைக் குத்திக்கொண்டு சாய்வாகக் கம்பிகள் போகும், இரண்டு முனையும் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும். 1967 வாக்கில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் விக்டர் வைஸ்மன் என்பவர் கொண்டுவந்த முறை இது, இன்று பல நாடுகளில் பல பெயரில் வருகிறது. அந்தச் சாய்வுக் கம்பிதான் நான் சொன்ன ஆணி. அது நுரைக்குள் போகிற இடத்தில் கான்கிரீட் பாதுகாப்பு இல்லாததால் நாகம் பூசிய கம்பியாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்கவேண்டும். வாங்கும்போது ஒரு பலகையைத் தூக்கிப் பாருங்கள், சாய்வுக் கம்பியில் வெல்டிங் விட்டுப்போயிருக்கிறதா, கம்பி இப்போதே துருவேறியிருக்கிறதா என்று கண்ணாலேயே தெரியும்.

பிரச்சினை நம் ஊரில் நடக்கிற கைவேலையில். கடையில் வெறும் நுரைப்பலகை வாங்கி வந்து, கீழே ஒரு பி.ஆர்.சி. வலை, அதாவது கடையில் கிடைக்கிற வெல்டிங் செய்த கம்பிவலை, மேலே ஒரு பி.ஆர்.சி. வலை, இரண்டையும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிட்டு, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்கிறார்கள். ஒன்றில்லை. நேராகத் தொங்குகிற கட்டுக்கம்பி வழுக்கலைத் தடுக்காது. கையால்தான் செய்யவேண்டும் என்றால் நுரையைக் கட்டம் கட்டமாக இடைவெளி விட்டு அடுக்கி, அந்த இடைவெளியில் வளையம் போட்ட கம்பிகளோடு கான்கிரீட் இறங்கி, மேலும் கீழும் சேர்ந்த குட்டி பீமாக உருவாகவேண்டும். அந்த பீமின் அகலம், கம்பி, வளையம் எல்லாம் எஞ்சினியர் போடுகிற கணக்கு, வேலையை மேற்பார்க்கிற மண்டோரோ நானோ கண்திட்டத்தில் சொல்லக்கூடாது.

இப்போது நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் சொந்தத்தில் ஒரு வீட்டுக்குச் சுவர் எழுப்பினார்கள், குத்தகையாளர் யார் என்பது இங்கே வேண்டாம். பூச்சுக்கு முன்னால் போய்ப் பார்த்தேன். வலை நுரையோடு நுரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தது, பின்னால் நகத்தைக்கூட நுழைக்க முடியவில்லை, சில இடத்தில் ஏணி சாய்த்த அழுத்தத்தில் கம்பி நுரைக்குள் பதிந்து வெள்ளையாகப் பள்ளம் விழுந்திருந்தது. கேட்டால், "அண்ணே, முன்பக்கம் சிமெண்டு மூடிவிடும், வெளியே தெரியாது" என்கிறார் பூசுகிற தம்பி. வெளியே தெரியாதுதான். ஆனால் கம்பியின் முதுகுப்பக்கம் முழுக்க நுரை, கான்கிரீட் பிடிமானம் முன்பக்கம் மட்டும். கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து வேலை செய்வதே அந்தப் பிடிமானத்தால்தான், சுற்றிவர நாலு பக்கமும் கான்கிரீட் கவ்வியிருந்தால்தான் இழுவிசை கம்பிக்குப் போய்ச்சேரும். இன்னொன்று துரு. கான்கிரீட்டின் காரத்தன்மை, அதாவது பி.எச். 12, 13 என்று இருக்கிற அந்தக் காரம்தான் கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. நுரைக்கு அந்தக் காரம் கிடையாது. நம் ஊர் மழைக்கும் புழுக்கத்துக்கும் எங்கேயாவது ஒரு வெடிப்பு வழியாக ஈரம் உள்ளே போய் நுரைக்கும் கம்பிக்கும் நடுவில் தங்கினால் துரு ஆரம்பிக்கும், துரு பழைய கம்பியைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும், பூச்சைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

அந்த வீட்டில் என்ன செய்தோம் என்றால், வலையைக் கையால் முன்னுக்கு இழுத்து, பின்னால் சின்னச் சிமெண்டுக் கட்டைகளைச் செருகி, கட்டுக்கம்பியால் இறுக்கினோம். பிளாஸ்டிக் ஸ்பேசர் முதலில் வைத்துப் பார்த்தோம், அதன் கூரான கால் நுரைக்குள் இறங்கிவிட்டது, அதனால் அடி அகலமான கட்டைதான் நுரைக்குச் சரி. நுரைக்கும் வலைக்கும் நடுவில் சுமார் 15 மி.மீ. இருக்கவேண்டும், சுண்டுவிரல் நுனி தாராளமாகப் போகவேண்டும். வெளிப்பக்கம் கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் வேண்டும் என்பது அந்தச் சுவர் மழையில் நிற்கிறதா, வீட்டுக்குள் இருக்கிறதா, தீ எவ்வளவு நேரம் தாங்கவேண்டும் என்பதைப் பொறுத்தது, வரைபடத்தில் எழுதியிருக்கும். இந்த இரண்டு இடைவெளியும் சேர்ந்துதான் அடுக்கின் கனம். 30 மி.மீ. பூசி முடித்துவிட்டு 50 மி.மீட்டருக்குக் காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், நுரையில் ஒரு ஆணியைக் கனத்துக்கு நீட்டி வைத்துவிட்டால் அந்த ஆணித்தலை மூடும்வரை பூசவேண்டும் என்று சொல்லிவிடலாம்.

ஜல்லியும் இதில் சேர்ந்தது. 15 மி.மீ. இடைவெளியில் 20 மி.மீ. ஜல்லி எப்படிப் போகும்? வலைமேல் சல்லடைபோல் நின்றுவிடும், பின்னால் பொந்து விழும். லோரியில் கலந்து வருகிற ரெடிமிக்ஸ் கான்கிரீட்டுக்குச் சொல்லும்போதே 10 மி.மீ. ஜல்லி என்று சொல்லுங்கள், அதுவும் கட்டத்துக்குள் போகிறதா என்று பாருங்கள். சுவருக்குக் கையால் அடிப்பதாக இருந்தால் முதல் பூச்சு வலைக்குப் பின்னால் போய் அடைகிற மாதிரி வீசி அடிக்கவேண்டும், கரண்டியால் மேலாகத் தடவுவது இதற்கு ஆகாது.

ஸ்லாப்பில் வேறொரு கூத்து நடக்கும், புதிதாகச் செய்கிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நுரை மிதக்கும். ஈரக் கான்கிரீட் தண்ணீரைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். 100 மி.மீ. கனமுள்ள நுரை கான்கிரீட்டுக்குள் முழுக்க மூழ்கினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 240 கிலோ அழுத்தம் அதை மேலே தூக்கும், இரண்டு மூன்று ஆள் சேர்ந்து தள்ளுகிற அளவு. கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற வைப்ரேட்டர் விட்டதும் சரசரவென்று எழும்பும். எழும்பும்போது மேல் வலையையும் தூக்கிக்கொண்டு வரும், மேல் அடுக்கு 50 மி.மீ. இருக்கவேண்டிய இடத்தில் 20 ஆகிவிடும், கீழே தேவையில்லாமல் கான்கிரீட் கூடும். அதைத் தடுக்கிறேன் என்று நுரையைக் கீழ் வலையோடு கட்டுகிறார்கள், அது இன்னும் மோசம், நுரை போகும்போது கீழ் வலையையும் அது உட்கார்ந்திருக்கிற சிமெண்டுக் கட்டையிலிருந்து (கவர் பிளாக்) கிளப்பிக்கொண்டு போய்விடும். நுரையைக் கட்டவேண்டியது கான்கிரீட் ஊற்ற அடியில் அடித்திருக்கிற அச்சுப்பலகையோடும் அதைத் தாங்குகிற கட்டையோடும். பலகையில் துளை போட்டு, கம்பியை அடியில் கொண்டுபோய், கீழே குறுக்குக் கட்டையில் முறுக்கவேண்டும். இல்லையென்றால் கீழ் அடுக்கை முதலில் போட்டு, அது கொஞ்சம் இறுகத் தொடங்கி நுரை ஒட்டிக்கொண்ட பிறகு மேல் பகுதியைப் போடலாம், ஆனால் முதல் அடுக்கு முழுக்கக் காய்ந்து போகுமளவு விட்டால் இரண்டுக்கும் நடுவில் பிடிப்பு போய்விடும், அதனால் நேரத்தை எஞ்சினியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.

மேல் கம்பி, கீழ் கம்பி விஷயத்துக்கு வருகிறேன், உயிர் போகிற விஷயம் இதுதான். கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுத்தால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தாங்கும், அதனால் எங்கே இழுபடுகிறதோ அங்கே கம்பி இருக்கவேண்டும். 1867-இல் ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் செடித்தொட்டிக்காக கம்பிவலை போட்ட சிமெண்டுக்குக் காப்புரிமை எடுத்தபோது இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பிறகு 1886-இல் மத்தியாஸ் கேனன் என்ற ஜெர்மன் எஞ்சினியர்தான் கம்பியின் இடம் இழுபடுகிற பக்கம் என்று கணக்கோடு எழுதி வைத்தார். அவர் எழுதி 100 வருடத்துக்கு மேல் ஆகியும் நம் வேலைத்தளத்தில் கம்பியைத் தப்பான பக்கம் போடுகிறார்கள்.

இரண்டு பீமுக்கு நடுவில் உட்காருகிற ஸ்லாப் நடுவில் கீழ்ப்பக்கம் இழுபடும், அங்கே கீழ் கம்பி. அதே ஸ்லாப் பீமைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகிறது என்றால் பீமுக்கு மேலே மேல்பக்கம் இழுபடும். தூணில்லாமல் நாலடி ஐந்தடி வெளியே நீட்டுகிறோமே, போர்ச்சுக்கு முன்னாலும் ஜன்னலுக்கு மேலே வெயில் தடுப்பாகவும், அது முழுக்க மேல்பக்கம்தான் இழுபடும். அங்கே கனமான கம்பி மேலே இருக்கவேண்டும். கான்கிரீட் போடும் நாளில் ஏழெட்டுப் பேர் பூட்ஸ் காலோடு அதன்மேல் நடக்கிறார்கள், கம்பி இறங்கிவிடுகிறது. 125 மி.மீ. சாதாரண ஸ்லாப்பில் அடியிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்கவேண்டிய கம்பி 30 மி.மீ. இறங்கினால் தாங்கும் பலத்தில் 10-க்கு 3 பங்கு போய்விட்டது, கம்பி எண்ணிக்கை சரியாகவே இருக்கும், காசும் சரியாகவே கொடுத்திருப்பீர்கள். நுரை வைத்த ஸ்லாப்பில் கம்பி நுரையைத் தாண்டிக் கீழே இறங்க முடியாது, அதனால் பயமில்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். பாதி உண்மை. கீழே இறங்காது, ஆனால் நுரைமேல் படுத்துவிடும், அப்போது நான் சுவரில் சொன்ன அதே பிடிமானப் பிரச்சினை, அதுவும் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில். நடக்கிறதுக்குத் தனியாகப் பலகை போட்டுக் கொடுங்கள், கம்பிக்கு அடியில் நெருக்கமாகக் கட்டை வையுங்கள்.

வெளியே நீட்டுகிற மேல் கம்பி உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்பதும் முக்கியம். வெளியே இருக்கிற நீளத்துக்குக் குறையாமல், பெரும்பாலும் அதைவிடக் கூடவே, உள் ஸ்லாப்புக்குள் போகவேண்டும். பழைய தாமான் (குடியிருப்பு) வீட்டில் புதிதாக போர்ச் நீட்டும்போது உள்ளே போக ஸ்லாப்பே இருக்காது, செங்கல் சுவரில் துளை போட்டு நாலு கம்பியைச் செருகிப் பசை ஊற்றிவிடுகிறார்கள். செங்கல் சுவர் அந்த இழுப்பைத் தாங்காது ஐயா. அங்கே முன்னால் தூண் வைத்துவிடுங்கள், அழகு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழிற்சாலைப் பலகையும் பலகையும் சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் தனி வலை துண்டு போட்டு இணைக்கவேண்டும், மூலையில் மடித்த வலை, ஜன்னல் கதவு மூலையில் சாய்வாக ஒரு துண்டு, ஏனென்றால் விரிசல் அங்கிருந்துதான் குறுக்காகக் கிளம்பும். கம்பியோடு கம்பி சேர்த்தால் பொதுவாக கம்பி கனத்தைப்போல் 40 மடங்கு ஏறிக் கட்டுவார்கள், 10 மி.மீ. கம்பிக்கு 400 மி.மீ., வரைபடம் வேறு சொன்னால் வரைபடம்தான் பேச்சு. வயரிங் ஆளும் பைப் ஆளும் வலையை வெட்டினால் வெட்டின இடத்தில் திரும்ப வலை கட்டாமல் விடாதீர்கள். பீம் ஓரம், தூண் தலை, தண்ணீர்த் தொட்டி நிற்கிற இடம், கேட் கொண்டி மாட்டுகிற இடம் எல்லாம் நுரை இல்லாமல் முழுக் கான்கிரீட்டாக இருக்கவேண்டும். 200 கேலன் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டும் 900 கிலோவுக்கு மேல். நுரை தீயில் உருகும், அதனால் தானாக அணைகிற ரகம் கேட்டு வாங்குங்கள், எங்கேயும் திறந்த மேனிக்கு விட்டு வைக்காதீர்கள்.

செலவு மிச்சம் என்றுதானே நுரை போடுகிறோம், எஞ்சினியருக்கு வேறு கொடுக்கவேண்டுமா என்று கேட்கிறவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன். நம் மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக்கூடாது, போர்ச்சும் அடுக்களை நீட்டலும் அதில் அடக்கம். அதைவிட, முழுக் கான்கிரீட்டில் ஒரு தப்பு நடந்தாலும் கூடுதல் கனம் கொஞ்சம் காப்பாற்றிவிடும், நுரை வைத்ததில் அந்தக் கூடுதல் கிடையாது, தேவையில்லாததை எல்லாம் ஏற்கனவே எடுத்துவிட்டோம், இருக்கிற கம்பி இருக்கிற இடத்தில் இருந்தே ஆகவேண்டும். நம் கோயில் கமிட்டிகளுக்கும் இதையே சொல்கிறேன். மண்டபக் கூரைக்கு நுரைப்பலகை போடலாம் என்று இந்தப் பக்கம் ஒன்றிரண்டு கோயிலில் பேச்சு அடிபடுகிறது, திருவிழாவுக்கு நூற்றுக்கணக்கில் ஜனம் நிற்கிற இடம், பதிவு பெற்ற எஞ்சினியரின் கையெழுத்தில்லாத வரைபடத்தை வைத்து அங்கே ஒரு மூட்டை சிமெண்டுகூடப் பிரிக்கக்கூடாது.

வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்கிற வழி இதுதான். குத்தகையாளரிடம் பேசும்போதே, கம்பி கட்டி முடித்த பிறகு எஞ்சினியர் வந்து பார்க்காமல் கான்கிரீட் போடக்கூடாது, அந்தக் கட்டத்துப் பணம் அவர் சரி என்று சொன்ன பிறகுதான் என்று எழுதி வாங்குங்கள். ரெடிமிக்ஸுக்கு ஃபோன் போடுவதற்கு முந்தின நாள் நீங்களே ஏறிப் பாருங்கள். வலைக்கும் நுரைக்கும் நடுவில் விரல் போகிறதா, கட்டை ஆடுகிறதா, நீட்டிய இடத்தில் கனமான கம்பி மேலே இருக்கிறதா, நுரை எதோடு கட்டியிருக்கிறது. அளவுநாடாவைக் கம்பியோடு ஒட்டிப் பிடித்து கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விரிசல் விழுந்தால் எஞ்சினியர் முதலில் கேட்பது அந்தப் படத்தைத்தான்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாள் ஒரு கால்பக்கம் ஒதுக்கி, நம் சமூகத்தில் இருக்கிற சிவில் எஞ்சினியர் யாரையாவது வைத்து வீடு கட்டுகிறவர்களின் கேள்விகளுக்குத் தமிழில் பதில் சொல்லச் செய்யுங்கள். முதல் கேள்வியை நானே கேட்டுவிடுகிறேன். ஏற்கனவே நுரை வைத்துக் கட்டி முடித்து, மேல் கம்பி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத போர்ச்கள் எங்கள் தாமானில் இருக்கின்றன. உடைக்காமல் கம்பியின் இடத்தைக் கண்டுபிடிக்கிற கருவியை ஒரு வீட்டுக்காரர் எங்கே வாடகைக்கு எடுப்பது, நுரை உள்ளே இருக்கும்போது அது காட்டுவதை எவ்வளவு நம்பலாம்?

இப்படிக்கு,
பழைய கம்பி வேலைக்காரர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்